அட்டைப்பெட்டி அஞ்சலகம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் செய்திகள் எல்லாம் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வரும். "அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்குத் தபால் பெட்டி கொண்டு போகணும்" என்றாள் மகள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். பெட்டி செய்து தர யார் தயார் என்று ஆசிரியை கேட்டதும் இவள் இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறாள். அது நடந்தது முந்தைய புதன்கிழமை.

ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு மூன்று நாள் தவணை வாங்கினேன். திங்கட்கிழமை பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து லிட்டில் இந்தியா வந்து, ஒரு மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டேன். கடைக்கார அண்ணன் இரண்டு தந்தார். கறி மசாலா வந்த பெட்டிகள். காரிலேயே தும்மல் தொடங்கிவிட்டது.

சதுரப் பெட்டியில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். மகள் விடவில்லை. பழைய காலத்து வெள்ளைக்காரன் பெட்டி மாதிரி உருண்டையாக, சிவப்பாக, தொப்பி வைத்து வேண்டுமாம். இங்கிலாந்துக்காரர்கள் இந்தத் தூண் பெட்டியை முதலில் வைத்துப் பார்த்தது 1852-இல், ஜெர்சி தீவில். யோசனை சொன்னவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்த நாவலாசிரியர் ஆண்டனி டிரோலோப். பிறகு சில காலம் பெட்டிகளுக்குப் பச்சை பூசியிருந்தார்கள். கண்ணில் படவில்லை என்று புகார் வரவே, 1874 முதல் சிவப்புக்கு மாற்றினார்கள். இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "சரி, வெட்டுங்கப்பா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இந்த வேலை வரலாம் என்பதால் சொல்கிறேன். அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக வரிகள் ஓடும். அந்த வரிகள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டினால் சுவர் பாரம் தாங்கும், வளைத்தாலும் வட்டமாக வரும். நான் முதல் துண்டைக் குறுக்கே வெட்டி வளைத்தேன். அப்பளம் மாதிரி முறிந்தது. உயரம் 75 சென்டிமீட்டர் வைத்தோம். வாய் 16 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரம். ஏ4 தாளை நான்காக மடித்துப் போட அது போதும், குறும்புக் கைகளுக்கு அது போதாது. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. தொப்பிக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் பார்த்தால் கிண்ணம் மாதிரி சுருண்டு கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அட்டை அப்படித்தான் செய்யும். மறுபக்கமும் பூசி, மேலே தடிமனான அகராதி ஒன்றை வைத்து அமுக்கியதும் வழிக்கு வந்தது.

அஞ்சல் தலைக்கு மகளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆப்பிளில் ஒட்டி வரும் வில்லையை எடுத்து, அதன்மேல் பேனாவால் '60 சென்' என்று எழுதி ஒட்டினாள். சிரித்தேன், ஆனால் சிரிக்க நியாயமில்லை. பினாங்கில் ஒரு காலத்தில் புழங்கியவை இந்திய அஞ்சல் தலைகள். 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தபோது, அதே இந்தியத் தலைகளின் மேல் ஒரு கிரீடத்தையும் புதிய செண்ட் விலையையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். இவள் செய்ததும் அதுவேதான்.

பெட்டி வகுப்புக்குப் போனது. வெள்ளிக்கிழமைதோறும் திறப்பார்கள். முதல் வாரம் மகளுக்கு நான்கு கடிதங்கள். ஒன்றில் 'நலம். நலமறிய ஆவல். உன் அழிப்பானைத் திருப்பித் தரமாட்டேன்' என்று இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "ஒரு பையனுக்கு இதுவரைக்கும் ஒரு லெட்டர்கூட வரலப்பா." அந்த ஆண்டுதான் வேறு பள்ளியிலிருந்து வந்த பையன். அதிகம் பேசமாட்டானாம். பெட்டியைத் திறக்கும் நேரத்தில் கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிறானாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அழகாகச் செய்தோம் என்று படம் பிடித்து அத்தைமார் குழுவில் போட்டுப் பாராட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பெட்டிதான் வாரம் தவறாமல் ஒரு பிள்ளைக்கு 'உனக்கு யாரும் எழுதவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கையெழுத்தை மாற்றி நானே ஒன்று எழுதிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனைவி முறைத்தாள்.

ஆசிரியையிடம் பேசினேன். அவரும் கவனித்திருந்தார். அடுத்த வாரம் முதல் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த பெயருக்கு எழுத வேண்டும் என்று விதி வைத்தார். நல்ல விதிதான். எல்லாருக்கும் ஒன்று நிச்சயம். ஆனால் சீட்டு எடுத்து எழுதும் கடிதம் வீட்டுப்பாடம் மாதிரிதான் இருக்கும், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

"நீயே ஒன்னு எழுதேன்" என்றேன் மகளிடம்.

"அவன்கூட நான் பேசினதே இல்லையே. என்ன எழுதுறது?"

"தெரியாத ஒன்னைக் கேளு."

அரை மணி நேரம் பென்சிலைக் கடித்தாள். அவனுடைய பென்சில் பெட்டியில் ஒட்டியிருக்கும் டைனோசருக்கு என்ன பெயர் என்று ஒரே ஒரு கேள்வி எழுதினாள். ஆப்பிள் வில்லை தீர்ந்துபோயிருந்தது. ஆரஞ்சுப் பழத்தில் இருந்ததை உரித்து ஒட்டினாள். சீட்டில் வந்த பெயருக்குத் தனியாக ஒன்று எழுதினாள், இரண்டே வரி.

அடுத்த வாரம் பதில் வந்தது. இரண்டு பக்கம், இருபுறமும். ஒரு டைனோசர் கேட்டதற்கு ஏழு டைனோசர்கள், படத்துடன், எது எதைத் தின்னும் என்ற விவரத்துடன். கடைசி வரியில் அவனும் ஒரு கேள்வி கேட்டிருந்தான்: 'உன் லெட்டர்ல ஏன் கறி மசாலா வாசம் வருது?'