டைப்-சி சாக்கெட் வைத்தால் டைப்-சி ஆகிவிடுமா?

லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்ய டிபி4056 சிப் வைத்த குட்டி போர்டு விற்கிறதே, அதில் இப்போது டைப்-சி சாக்கெட் வருகிறது. வாலிகண்டபுரத்திலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகும் ஒரு மாணவர், புராஜெக்ட்டுக்கு அதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளால் போன் சார்ஜரில் சொருகுகிறார். சில போர்டுகளில் விளக்கே எரியாது. செத்த போர்டு என்று தூக்கிப் போடுவார். (அதற்கு முன் சாலிடரிங் சரியில்லை என்று திட்டும் வாங்கியிருப்பார்!)

போர்டு சாகவில்லை. டைப்-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் 5 வோல்ட் தராது; எதிர்முனையில் சிசி பின்னில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தென்பட்ட பிறகே தரும். பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம் என்பதால் சிசி1, சிசி2 இரண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும். சில பைசா சமாச்சாரம். அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். பழைய ஏ-போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், அதில் சொருகிப் பார்த்துவிட்டு "ஓடுதே!" என்கிறார்கள்.

"ஏ-டு-சி கேபிள் போட வேண்டியதுதானே?" என்பது சாக்கு. அப்புறம் எதற்கு டைப்-சி?

பெரிய இடத்திலும் சறுக்கியிருக்கிறார்கள். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4, இரண்டு பின்னுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாக வைத்தது. இ-மார்க் சிப் உள்ள கேபிளைப் போட்டால், சார்ஜர் அதை ஹெட்போன் அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே தரவில்லை. ஆனால் அவர்கள் பிழையை ஒப்புக்கொண்டு போர்டைத் திருத்தினார்கள். இங்கே போர்டு விற்பவர்கள் சாக்கெட் படத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள்.

வாங்குமுன் "சி-டு-சி கேபிளில் ஓடுமா?" என்று கேளுங்கள். மழுப்பினால் மைக்ரோ யுஎஸ்பி போர்டையே வாங்கிக்கொள்ளலாம்.