வந்து போகும் எழுத்தாளரும் தங்கியிருக்கும் எழுத்தாளரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் முத்தமிழ் விழா நடைபெறுகிறது. எழுத்தாளர் ஒருவர் அழைக்கப்படுகிறார். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண் என்று இரண்டு மணி நேரத்தில் யாவும் இனிதே முடிகின்றன. மறுநாள் அரங்கில் எஞ்சியிருப்பவை வாடிய மாலையும் வரிசை கலைந்த நாற்காலிகளுமே. அவர் என்ன பேசினார் என்று மறுவாரம் கேட்டால், நகைச்சுவைத் துணுக்குகள் ஒன்றிரண்டு நினைவுக்கு வரலாம். எழுத்தாளரை நாம் போற்றினோம் என்பது உண்மை. ஆனால் அவரால் நாம் பயன் பெற்றோமா?

விருந்தாளியாக வருபவர் வேறு. குடியிருக்க வருபவர் வேறு. எழுத்தாளர் ஒருவரை ஒரு பருவமோ ஓர் ஆண்டோ கல்லூரியிலேயே தங்கவைத்து, ஊதியமும் அளித்து, மாணவரோடும் ஊர் மக்களோடும் பழகச் செய்யும் முறை மேலை நாடுகளில் வேரூன்றியுள்ளது. ‘உறைவிட எழுத்தாளர்’ என்று அவரைக் குறிப்பிடலாம். ஒரு வட்டாரத்தின் இலக்கியம் வளர ஒரு நாள் சொற்பொழிவுகள் நூறைவிட இத்தகைய ஓர் ஆண்டு மேலானது என்பது என் துணிபு. தாவரவியல் படிப்பவருக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கும் விடை சொல்கிறேன்.

பட்டம் பெறாத பேராசிரியர்

தொலைவில் தேட வேண்டாம். 1989-ஆம் ஆண்டு புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு புதுமை செய்தது. பள்ளிப் படிப்பையே நிறைவு செய்யாத ஒரு கரிசல் காட்டு விவசாயியை வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. அவர்தாம் இடைசெவல் கி. ராஜநாராயணன். அப்போது துணைவேந்தராக இருந்தவர் கி. வேங்கடசுப்பிரமணியன். பட்டம் பெற்றவர்களுக்கே பேராசிரியர் நாற்காலி என்ற விதி, ஒரு கதைசொல்லியின் முன்னே வளைந்து கொடுத்தது!

அவர் அங்கே சென்று என்ன செய்தார்? தாம் எழுதிய கதைகளைத் தாமே புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணியில் இறங்கினார். கரிசல் கதைகளோடு நில்லாது, தாம் குடிபுகுந்த புதுவை வட்டாரத்துக் கதைகளையும் தொகுத்தார். இங்குதான் தங்கியிருப்பவரின் சிறப்பு விளங்குகிறது. ஒரு நாள் வருபவர் பேசிவிட்டுப் போவார். தங்கியிருப்பவருக்கோ காதுகொடுத்துக் கேட்க நேரம் இருக்கும். 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகச் சாகித்திய அகாதமி பரிசு பெற்றபோது அவர் புதுவைவாசி. பல்கலைக்கழகப் பணி முடிந்த பின்னும் அங்கேயே வாழ்ந்து, 2021 மே மாதம் அங்கேயே மறைந்தார்.

புதுவைக்குச் செல்லுமுன்பே, எவரும் ஊதியம் கொடுக்காமலே, அவர் தம் சொந்த மண்ணின் உறைவிட எழுத்தாளராக இருந்தார் என்றால் மிகையாகாது. கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குக்கென ஓர் அகராதி உருவாக்கினார். தம் பகுதி எழுத்தாளர்களின் சிறுகதைகளைக் ‘கரிசல் கதைகள்’ என்று ஒரே தொகுப்பாக்கினார். விளைவு என்ன? கோவில்பட்டியைச் சுற்றியுள்ள அந்த வானம் பார்த்த பூமியில், கு. அழகிரிசாமிக்கு 1970-இலும், கி.ரா.வுக்கு 1991-இலும், பூமணிக்கு 2014-இலும், சோ. தர்மனுக்கு 2019-இலும் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. முதல் இருவரும் ஒரே சிற்றூர்க்காரர்கள், இளமைத் தோழர்கள். ஒருவர் எழுதுவதை அடுத்தவர் பார்க்கிறார். நம் தெருவும் நம் பேச்சும் அச்சில் ஏறும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கைதான் இலக்கியச் சமூகத்தின் வித்து.

கடல் கடந்த ஒரு சான்று

அமெரிக்காவில் வில்லியம் ஃபாக்னர் என்னும் நாவலாசிரியரும் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவரே. தம் சொந்த மாநிலமான மிசிசிப்பியின் ஒரு மூலையையே கதைக்களமாகக் கொண்டு 1949-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர். அவரை வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1957, 1958 ஆண்டுகளில் தன் முதல் உறைவிட எழுத்தாளராக அமர்த்திக்கொண்டது. அவர் பாடம் நடத்தவில்லை. மாணவரும் ஆசிரியரும் பொதுமக்களும் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்தார். அந்த உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவாயின. 1959-இல் நூலாகவும் வந்தன. ஒருவர் தங்கிய இரண்டு பருவங்களின் பயன் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை!

எனக்கு ஏன் இந்த அக்கறை?

நான் ‘முதல் பட்டதாரி’ச் சான்றிதழ் பெற்றவர்களுள் ஒருவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். நாங்கள் இங்கே வரும்போது வீட்டுப் பேச்சை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறோம். பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஊர்ச் சொல் ஒன்று விழுந்துவிட்டால் சிவப்பு மைக் கோடு விழும். அதனால் எங்கள் பேச்சு எழுத்துக்கு ஆகாதது என்றே நம்பிவிட்டோம்.

வகுப்பில் நாங்கள் ‘அகாலிபா இண்டிகா’ என்று படிக்கும் செடியை என் அப்பத்தா குப்பைமேனி என்பார். சிரங்குக்கு அதை எப்படி அரைத்துப் பூசுவது என்பதும் அவருக்குத் தெரியும். லின்னேயஸ் 1753-இல் ஏட்டில் எழுதி வைத்ததால் இலத்தீன் பெயர் உலகெங்கும் நிலைத்தது. குப்பைமேனியாவது சித்த மருத்துவ நூல்களில் இருக்கிறது. அப்பத்தா மாட்டுக்கும் மண்ணுக்கும் மழைக்கும் வைத்திருக்கும் பெயர்கள் எந்த ஏட்டில் இருக்கின்றன? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அவர் மறைந்தால் அவையும் மறையும். செடியைச் சேகரித்து அழுத்தி உலர்த்தி ஒட்டி வைக்கக் கற்றுத்தர ஆசிரியர் இருக்கிறார். சொல்லைச் சேகரிக்கக் கற்றுத்தர யார் இருக்கிறார்?

நம் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். நிலவைப் பற்றிக் கவிதைகள் உண்டு. காதலைப் பற்றி உண்டு. தாயின் தியாகத்தைப் பற்றியும் உண்டு. நம் ஏரியைப் பற்றி உண்டா? அறுவடை இயந்திரம் வந்த பின் அரிவாளைச் செருகி வைத்துவிட்ட கைகளைப் பற்றி உண்டா? மாணவரிடம் திறமை இல்லை என்பதல்ல காரணம். இதையும் எழுதலாம் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் இல்லை.

தடைகளும் விடைகளும்

ஆசிரியர் பணியிடங்களே காலியாகக் கிடக்கும்போது எழுத்தாளருக்கு ஊதியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்னும் முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவருக்குப் பட்டம் கட்டாயமில்லை என்கிறது அது. துறைகளின் பட்டியலில் இலக்கியமும் நுண்கலையும் இடம்பெற்றுள்ளன. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு இவர்கள் புறம்பானவர்கள். ஆகவே எந்த ஆசிரியரின் இடமும் பறிபோகாது. கி.ரா.வுக்காக அன்று வளைந்த விதி இன்று அச்சிலேயே இருக்கிறது. அந்த வாசலில் தொழிற்சாலை மேலாளர்கள் மட்டும்தான் நுழைய வேண்டுமா?

எழுதுவதைக் கற்றுத்தர முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாமல் போகட்டும், கேட்கவும் திரட்டவும் திருத்தவும் கற்றுத்தர முடியும். ஒருவரே நிலையாக இருந்தால் துதிபாடும் கூட்டம் சேர்ந்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. ஆண்டுக்கு ஒருவராக மாற்றினால் அந்த அச்சம் தீரும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வோர் அரசு கலைக் கல்லூரியிலும் அந்தந்த மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர் ஓர் ஆண்டு தங்கட்டும். நூலகத்தில் ஓர் அறையும் ஒரு மேசையும் போதும். வாரம் ஒரு நாள் அந்த அறை ஊர் மக்களுக்கும் திறந்திருக்கட்டும். எல்லாத் துறை மாணவரும் தத்தம் வீட்டுக் கதைகளையும், நெசவு, வேளாண்மை, மண்பாண்டம் ஆகிய தொழில்களின் சொற்களையும் திரட்டி அவர் மேசையில் வைக்கட்டும். ஆண்டு முடிவில் அது ஒரு நூலாகட்டும்.

பொன்னாடை போர்த்தி அனுப்பியது போதும் நண்பர்களே! இனி நாற்காலி போட்டு அமர வைப்போம். நம் பாட்டிமாரும் ஒரு நாள் பேருந்தேறி வந்து அவருக்கு எதிரே அமர்ந்து கதை சொல்லட்டும். பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும்!