கோடிக் கணக்கை எண்ணியது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே தேடிப் பார்ப்பவற்றில் சினிமாச் செய்திகளுக்கு நிச்சயம் இடம் உண்டு. அதிலும் பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியான வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு தளத்தில் முதல் நாள் வசூல் 38 கோடி என்று இருக்கும். இன்னொன்றில் 52 கோடி. தயாரிப்பாளர் வெளியிட்ட போஸ்டரில் 75 கோடி. "இதில் எது சார் சரி?" என்று என்னைக் கேட்காத புது கம்ப்யூட்டர்காரர் இல்லை.

மூன்றும் சரியாக இருக்கலாம். மூன்றும் தவறாகவும் இருக்கலாம் என்பதுதான் என் பதில். கேட்பவருக்கு இது பிடிப்பதில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண் தெரிந்தால், அதுவும் 52.37 கோடி என்று புள்ளி வைத்துத் தெரிந்தால், ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அதனைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது என்ற நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது. கூட்டியிருக்கலாம். ஆனால் கூட்டுவதற்கு முன் எண்ணியது யார்? இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில், எண்ணும் வேலை ஓரளவு ஒழுங்காக நடக்கும் ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1976ல் மார்சி போலியர் என்ற பெண்மணி, பின்னர் எண்டர்டெய்ன்மென்ட் டேட்டா என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தியேட்டர்களிடமிருந்து அன்றாட வசூலை வாங்கி, தொகுத்து, படக் கம்பெனிகளுக்கு விற்பதுதான் தொழில். அந்த நிறுவனத்தை 1997ல் ஏ.சி.நீல்சன் வாங்கியது. 2010ல் அது ரென்ட்ராக் வசம் போனது. 2016ல் ரென்ட்ராக், காம்ஸ்கோர் நிறுவனத்துடன் இணைந்தது. பெயர்தான் மாறியதே தவிர வேலை ஒன்றே. தொலைபேசியில் கேட்டு எழுதியது போய், டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டரிலிருந்தே கணக்கு நேராகப் போகும் நிலை வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் படம் எவ்வளவு வசூலித்தது என்பதை, சந்தா கட்டும் போட்டிக் கம்பெனிகளும் பார்க்க முடியும். எனவே ஒருவர் மிகைப்படுத்திச் சொன்னால் அடுத்த நாளே மற்றவர் சிரிப்பார். கணக்கு நேராக இருப்பதற்கு இந்தப் பயமே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

அங்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியாகும் வார இறுதி வசூல் வெறும் மதிப்பீடுதான். ஞாயிறு காட்சிகள் ஓடி முடிவதற்குள்ளேயே, வெள்ளி, சனி விற்பனையை வைத்து ஞாயிறன்று எவ்வளவு வரும் என்று கணித்துச் சொல்லிவிடுகிறார்கள். உண்மைக் கணக்கு திங்கட்கிழமை வரும். 2012ல் 'தி அவெஞ்சர்ஸ்' படத்திற்கு ஞாயிறன்று சொன்னது 20.03 கோடி டாலர். திங்களன்று வந்தது 20.74 கோடி. 2019ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்திற்குச் சொன்னது 35 கோடி டாலர், வந்தது 35.71 கோடி. இரண்டிலும் சுமார் 71 லட்சம் டாலர் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை எண்ணை எடுத்துப் போட்ட பல செய்திகள் அப்படியே இணையத்தில் கிடக்கின்றன. ஆகவே எண்ணைப் பார்க்கும்போது செய்தியின் தேதியையும் பாருங்கள்.

இந்தக் கணக்குகளை நம்மைப் போன்ற சாதாரணமானவர்களும் பார்க்க பாக்ஸ் ஆபீஸ் மோஜோ, தி நம்பர்ஸ் ஆகிய தளங்கள் இருக்கின்றன. இரண்டுமே 1990களின் இறுதியில் தனி மனிதர்களின் ஆர்வத்தால் தொடங்கப்பட்டவை. மோஜோவை 2008ல் அமேசானின் ஐ.எம்.டி.பி. வாங்கிக்கொண்டது. 2019ல் தளத்தை மாற்றி அமைத்தபோது, இலவசமாகக் கிடைத்த சில பட்டியல்களைக் கட்டணப் பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் தினசரி வசூல் இன்னும் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தத் தளத்தில் வெளிநாடுகளில் வெளியான ஒரு தமிழ்ப் படத்தின் ஆங்கிலப் பெயரைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று நாடு வாரியாக வசூல் இருக்கும். பல படங்களுக்கு இந்தியா என்ற வரியே இருக்காது! அமெரிக்காவில் நம் படம் எவ்வளவு வசூலித்தது என்று மதுரையில் உட்கார்ந்து பார்க்கலாம். மதுரையில் எவ்வளவு வசூலித்தது என்பதை மதுரையிலிருந்தும் பார்க்க முடியாது. இதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

நம் ஊரில் கணக்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு தியேட்டரும் காட்சி வாரியாக விற்ற டிக்கெட்டை எழுதி விநியோகஸ்தருக்கு தினமும் அனுப்புகிறது. டி.சி.ஆர். என்று சொல்வார்கள். வரி கட்டவும் இதே கணக்குதான் ஆதாரம். ஆனால் இவை எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளிவருவதில்லை. அந்த இடைவெளியில்தான் போஸ்டர் எண்கள் பிறக்கின்றன.

கிராஸ், நெட், ஷேர் என்ற மூன்று சொற்களைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 150 ரூபாய் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டிற்கு 2019 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அது 27 ரூபாய். நீங்கள் கொடுப்பது 177. (தமிழகத்தில் உள்ளாட்சிகளின் கேளிக்கை வரியும் உண்டு, கணக்கு சுலபமாக இருக்க அதனை விட்டுவிடுகிறேன். இணையத்தில் பதிவு செய்யும் கூடுதல் கட்டணம் தளத்திற்குப் போகிறது. அது வசூல் இல்லை.) இந்த 177 தான் கிராஸ். வரி போக 150 நெட். அதில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்தது போக விநியோகஸ்தருக்கு வருவது ஷேர். பாதிப் பாதி என்று வைத்தால் 75 ரூபாய்.

ஆக, 100 கோடி கிராஸ் என்றால் சுமார் 85 கோடி நெட், சுமார் 42 கோடி ஷேர். ரசிகர் ஒருவர் தன் நடிகரின் கிராஸையும் எதிர் நடிகரின் ஷேரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "பாருங்கள், இரண்டு மடங்கு!" என்று எழுதினால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் ஏமாந்துவிட்டோம். இத்துடன் உலக வசூல், சாட்டிலைட் உரிமை, ஓ.டி.டி. உரிமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி 'பிசினஸ்' என்று சொல்வதும் உண்டு. அதனை டிக்கெட் வசூலோடு சேர்த்துப் பேசவே கூடாது.

அப்படியானால் முதல் நாள் மாலையே கணக்கு சொல்லும் இந்தியத் தளங்களுக்கு எண் எங்கிருந்து கிடைக்கிறது? சில தியேட்டர்களையும் விநியோகஸ்தர்களையும் போனில் கேட்கிறார்கள். இன்னொரு வழி நம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. டிக்கெட் பதிவு செய்யும் தளத்தில் இருக்கைகளின் படம் வருமல்லவா? விற்காத இருக்கைகள் ஒரு நிறத்திலும் மற்றவை வெளுத்தும் இருக்கும். ஒரு சிறிய புரோகிராம் எழுதி, எல்லா ஊர், எல்லாக் காட்சி என்று ஒவ்வொன்றாகத் திறந்து வெளுத்த கட்டங்களை எண்ணி, டிக்கெட் விலையால் பெருக்கிவிடலாம். புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் வெளுத்த கட்டம் எல்லாம் விற்ற டிக்கெட் இல்லை. கவுண்டரில் விற்க ஒதுக்கி வைத்தவை, மொத்தமாக யாரோ பிடித்து வைத்தவை எல்லாம் அதில் சேரும். ஒரு முறை எங்கள் பகுதித் தியேட்டர் ஒன்றில் பின் நான்கு வரிசைகள் முழுவதும் நிறைந்ததாகக் காட்டியதால் முன்னால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். படம் முடியும் வரை அந்த நான்கு வரிசைகளிலும் பத்துப் பேருக்கு மேல் இல்லை. மறுபுறம், பதிவு செய்யும் தளத்திலேயே சேராத சிறு ஊர்த் தியேட்டர்கள் இந்தக் கணக்கில் வரவே வராது. அங்கே புரோகிராம் ஊகத்தை நிரப்புகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எக்ஸெல் தொகுப்பினைத் திறந்துகொள்ளுங்கள். பி1 செல்லில் திரைகளின் எண்ணிக்கை 1,000 என்று அமைத்திடுங்கள். பி2ல் ஒரு நாளைய காட்சிகள் 5. பி3ல் இருக்கைகள் 400. பி4ல் டிக்கெட் விலை 150. பி5 செல்லில் நான்கையும் பெருக்கும் பார்முலாவினைத் தாருங்கள். 30 கோடி என்று விடை வரும். தமிழகத்தில் ஆயிரம் திரைகளில் ஒரே படம், எல்லாக் காட்சியும் ஓர் இருக்கை கூடக் காலியில்லாமல் ஓடினால் ஒரு நாளைக்குக் கிடைக்கும் நெட் தொகை இது. இனி, ஒரு படம் தமிழகத்தில் மட்டும் முதல் நாளில் 45 கோடி என்று யாராவது சொன்னால், பி1 முதல் பி4 வரை எந்த எண்ணை எவ்வளவு உயர்த்தினால் அது வரும் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எக்ஸெல் கற்றுக்கொள்ள இதைவிட ருசியான பாடம் எனக்குத் தெரியவில்லை.

தென் கொரியாவில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே தியேட்டர்கள் டிக்கெட் விற்பனை விவரத்தை அரசுத் துறையான கொரியத் திரைப்படக் குழுவின் பொதுக் கணினி வலையமைப்பிற்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கோபிஸ் என்ற அந்தத் தளத்தில் நேற்று எந்தப் படம் எத்தனை திரைகளில், எத்தனை காட்சிகள் ஓடியது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முக்கியமாக, அவர்கள் பேசுவது தலைக் கணக்கு. 2014ல் வந்த 'ரோரிங் கரண்ட்ஸ்' படத்தை 1 கோடியே 76 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதுதான் அங்கே சாதனை. டிக்கெட் விலை ஏறினாலும் தலை ஒன்று ஒன்றுதான். பிரான்சிலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

கம்ப்யூட்டர் எண்ணினால் மோசடி நடக்காதா? நடக்கும். 2016ல் சீனாவில் 'இப் மேன் 3' படத்திற்கு 7,600க்கும் மேற்பட்ட பொய்க் காட்சிகள் போட்டு 3.2 கோடி யுவான் வசூல் காட்டியதை அரசே கண்டுபிடித்து, விநியோக நிறுவனத்தின் உரிமத்தை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. கொரியாவிலும் 2023ல், 323 படங்களுக்குப் பார்வையாளர் எண்ணிக்கையை 26 லட்சத்துக்கும் மேல் கூட்டிக் காட்டியதாகத் தியேட்டர், விநியோக நிறுவனங்களைச் சேர்ந்த 69 பேர் மீது போலீசார் நடவடிக்கை எடுத்தனர். "பார்த்தீர்களா, எல்லா ஊரும் ஒன்றுதான்" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை காட்சி, எத்தனை டிக்கெட் என்று பதிவு இருந்ததால்தான் 7,600 என்றும் 323 என்றும் சொல்ல முடிந்தது. நம் ஊர் போஸ்டரில் பொய் எவ்வளவு என்று யாராலாவது எண்ணிச் சொல்ல முடியுமா?

இது ரசிகர் சண்டை மட்டும் என்று நினைத்தால் தவறு. நடிகரின் அடுத்த படச் சம்பளம், அந்தப் படத்திற்கு விநியோகஸ்தர் கொடுக்கும் மினிமம் கியாரண்டி எல்லாம் முந்தைய படத்தின் எண்ணைப் பார்த்தே பேசப்படுகின்றன. 75 கோடி என்ற பேச்சை நம்பிப் பணம் போட்டு, வட்டி கட்டுபவர் ஏதோ ஒரு மாவட்டத்து விநியோகஸ்தர். இன்னொரு பக்கம், பெரிய நடிகர் இல்லாமல் நன்றாக ஓடிய சிறு படத்தின் தயாரிப்பாளர், "என் படத்தை இத்தனை பேர் பார்த்தார்கள்" என்று நிரூபிக்க வழியில்லாமல் அடுத்த படத்திற்குப் பணம் தேடி அலைகிறார்.

ஆந்திராவில் 2021ல் சட்டத்தைத் திருத்தி, டிக்கெட்டை அரசுத் தளம் வழியாகவே விற்க ஏற்பாடு செய்தார்கள். தியேட்டர்கள் தரப்பும் டிக்கெட் தளமும் வழக்குத் தொடர, 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு டிக்கெட் விற்க வேண்டியதில்லை என்பதே என் கருத்தும். யார் வேண்டுமானாலும் விற்கட்டும். காட்சி முடிந்ததும் விற்ற டிக்கெட் எத்தனை என்ற ஓர் எண்ணை மட்டும் ஒரு பொது இடத்திற்கு அனுப்பினால் போதும். நகரத்துத் தியேட்டர்களில் பெரும்பாலும் டிக்கெட் கம்ப்யூட்டரில்தான் அடிக்கப்படுகிறது. கையால் கிழித்துக் கொடுக்கும் தியேட்டருக்கு ஒரு செல்போனும் ஓர் எஸ்.எம்.எஸ்.ஸும் போதும். ரூபாய் கூட வேண்டாம். எத்தனை தலை என்று மட்டும் சொல்லட்டும். பெருக்கிக்கொள்ள நம்மிடம் எக்ஸெல் இருக்கிறது.