கட்டணம் சரி, வழிகாட்ட யார்?

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கொல்லிமலைப் பிள்ளைகளுக்கும் இதனால் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் கடக்கப் பணம் மட்டும் போதாது.

எந்த முதுநிலைத் துறை, எப்போது தயாராவது என்பதெல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கிடைத்துவிடும். மிளகும் மரவள்ளியும் பயிரிடும் பெற்றோரால் அதைத் தர முடியாது. ஆனால் அறுவடைக்கு வா என்று கூப்பிடாமல் இருக்கவும், ஒரு தேர்வில் தவறினால் 'பரவாயில்லை, படி' என்று சொல்லவும் அவர்களால் முடியும். இதைச் சின்ன உதவியாக நாம் நினைக்கவில்லை. 'சீக்கிரம் சம்பாதி' என்ற நெருக்கடி இல்லாத பிள்ளைதான் மேற்படிப்பை நிதானமாகத் தேர்ந்தெடுக்கும்.

மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டம். நல்லது. அந்த மாணவரின் சொந்தக் குடும்பத்தைக் கல்லூரி எத்தனை முறை சந்திக்கிறது? பெற்றோர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. ஆண்டுக்கொரு பெற்றோர் கூட்டத்தை நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மலைமேல் உள்ள செம்மேட்டிலேயே நடத்தலாம்.