கடையில் 'லேசா ஷாக் அடிக்குது': அதை அப்படியே விட்டுவிடலாமா?

ஜோகூர் பாரு, ஜாலான் உங்கு புவான் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் தரை எப்போதும் ஈரம். மாவு கிரைண்டர், ஃப்ரீசர், வெந்நீர் பாய்லர் என்று வரிசையாக இருக்கின்றன. ஒரே எக்ஸ்டென்ஷனில் மின்விசிறியும் போன் சார்ஜரும் தொங்குகின்றன. பகுதிநேர வேலைக்குச் சேரும் முதல் நாளே உங்களுக்கு ஓர் அறிவுரை கிடைக்கும்: "தம்பி, அந்த ஃப்ரீசரை செருப்பு போட்டுக்கிட்டு தொடு. கொஞ்சம் சுர்ருன்னு இருக்கும், ஒன்னும் ஆகாது."

அந்த 'ஒன்னும் ஆகாது' எவ்வளவு தூரம் உண்மை?

2024 நவம்பர் தொடக்கத்தில் பட்டர்வொர்த்தில், விரைவுப் பேருந்தில் போனை சார்ஜ் செய்த 18 வயது இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து, பேருந்துகளில் மூன்று முள் சாக்கெட்டுகளைப் பயன்படுத்தப் போக்குவரத்து அமைச்சு தடை விதித்தது. பேருந்து விஷயத்தில் ஓர் உத்தரவு போட முடிந்தது. கடைகளில் அப்படி முடியாது. சாக்கெட் இல்லாமல் கடை நடக்காது, ஒவ்வொரு கடையின் வயரிங்கும் ஒவ்வொரு விதம். அதனால் அங்கே உள்ளே இருப்பவர்கள்தான் கண் வைக்க வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் ஆபத்து?

மலேசியாவில் சாதாரண சாக்கெட்டில் வருவது 230 வோல்ட். மனித உடலின் மின்தடை, தோராயமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் உடல் வழியாக 230 மில்லிஆம்பியர் பாயலாம். கை ஈரமாக இருந்தால், காலில் செருப்பு இல்லாவிட்டால் இன்னும் கூடும்.

சுமார் 10 மில்லிஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி, அதுவும் சில விநாடிகள் நீடித்தால், மூச்சும் இதயத் துடிப்பும் பாதிக்கப்படும்.

"அதான் மெயின் பாக்ஸில் பிரேக்கர் இருக்கே?" என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். எம்.சி.பி. எனப்படும் சிறிய பிரேக்கரில் 20, 32 என்று எழுதியிருக்கும். அது ஆம்பியர். 32 ஆம்பியர் என்றால் 32,000 மில்லிஆம்பியர். உங்கள் உடல் வழியாக 230 போனால் அதற்குத் தெரியவே தெரியாது. வயர் சூடாகி எரியாமல் காப்பதுதான் அதன் வேலை.

அப்படியென்றால் ஆளைக் காப்பது எது?

ஆர்.சி.டி. கடைக்காரர்கள் பேச்சில் இதை ஆர்.சி.சி.பி. அல்லது ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று எழுதிய சிறிய பட்டன் இருந்தால் அதுதான். உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியில், ஒருவேளை ஓர் ஆளின் வழியாக, தரைக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே, ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள், இணைப்பைத் துண்டிக்கும்.

'எர்த்' மட்டும் இருந்தால் போதாதா? போதாது. இங்கே பெரும்பாலான கடைகளின் எர்த், கட்டடத்தின் பக்கத்தில் மண்ணில் அடித்த செம்புக் கம்பியை நம்பித்தான் இருக்கிறது. அதன் மின்தடை 10 ஓம் என்றால், ஃப்ரீசரில் முழுக் கசிவு ஏற்பட்டாலும் பாய்வது 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் பிரேக்கர் விழாது. ஃப்ரீசரின் உலோக உடலில் ஆபத்தான வோல்டேஜ் அப்படியே நிற்கும். எர்த்தும் ஆர்.சி.டி.யும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இதை மூன்று அளவாகப் பிரிக்கின்றன. தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியர். கையில் பிடித்து இயக்கும் கருவிகள் பயன்படும் இடத்துக்கு 30. மற்றவற்றுக்கு 100. சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், கார் கழுவும் கடை எல்லாம் எந்த வகையில் வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நல்ல வயரிங் எப்படிக் கெட்டுப்போகிறது?

பெரும்பாலும் கடை கைமாறும்போது. நேற்று ஸ்டேஷனரி கடையாக இருந்த கடைவீடு இன்று உணவகம். சாக்கெட் போதவில்லை என்று தெரிந்தவர் ஒருவர் வந்து நாலு பாயிண்ட் இழுத்துக் கொடுக்கிறார். ஆர்.சி.டி. அடிக்கடி விழுகிறது, மதிய நேரத்தில் வியாபாரம் கெடுகிறது. "அதை பைபாஸ் பண்ணிடுங்க" என்கிறார் முதலாளி. உண்மையில் அது விழுந்ததே ஏதோ ஒரு கருவி கசிகிறது என்பதால்தான். இப்போது கசிவு அப்படியே இருக்கிறது, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது.

யார் பொறுப்பு?

வாடகைக்காரர் கட்டட உரிமையாளரைக் கைகாட்டுவார், உரிமையாளர் வாடகைக்காரரை. விதிமுறை கேட்பது நேரான விஷயம்: வீடு அல்லாத மின் இணைப்புகளை, தகுதி பெற்ற நபர் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். தகுதி பெற்ற நபர் என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில், அதாவது எரிசக்தி ஆணையத்தில், பதிவு பெற்ற வயர்மேன் போன்றவர். புதிய வயரிங் வேலை முடிந்ததும் அவர் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு சான்றிதழ்களில் கையெழுத்திட வேண்டும். ஒன்று வேலை முடிந்ததற்கு, மற்றொன்று சோதித்ததற்கு. கடையை வாடகைக்கு எடுக்கும் முன் அந்தத் தாள்களைக் கேளுங்கள். இல்லையென்றால், பரிசோதனைச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை

• மெயின் பாக்ஸில் ஆர்.சி.டி. இருக்கிறதா, அதில் 10, 30, 100-இல் எது எழுதியிருக்கிறது?
• முதலாளியிடம் சொல்லிவிட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது. எர்த் சரியா என்று மட்டும் இந்தப் பட்டன் சொல்லாது, அதற்கு மீட்டர் வேண்டும்.
• பிளக்கிலும் எக்ஸ்டென்ஷனிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா? இரண்டு முள் பிளக்கை சாக்கெட்டில் குச்சி விட்டுத் திணித்திருக்கிறார்களா?
• ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்று, தரையில் கிடக்கும் ஜாயிண்ட், சூடாகும் பிளக்: இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள்.
• எந்தக் கருவி 'சுர்'ரென்கிறதோ, அதைச் சரிபார்க்கும் வரை பயன்படுத்த வேண்டாம்.

மெயின் பாக்ஸைத் திறந்து உள்ளே கை வைப்பது உங்கள் வேலை அல்ல.

வெள்ளம் வந்த பிறகு?

2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட், குளுவாங் பகுதிகளில் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் "காஞ்சிருச்சு, ஆன் பண்ணு" என்பதுதான் ஆபத்தான நேரம். சாக்கெட்டின் உட்புறமும் சுவருக்குள் குழாயும் ஈரமாகவே இருக்கலாம். வயர்மேன் இன்சுலேஷன் சோதனை செய்த பிறகே மெயின் சுவிட்சைப் போட வேண்டும்.

கண் முன்னால் ஒருவருக்கு ஷாக் அடித்தால்?

அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரைத் தள்ளுங்கள். 999-ஐ அழைத்து, மூச்சு இல்லையென்றால் சி.பி.ஆர். தொடங்குங்கள். வெளியே அறுந்து விழுந்த மின்கம்பி என்றால் கிட்டவே போகாமல் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியிடம் இதையெல்லாம் பேசுவது சங்கடம்தான். "அண்ணே, ஃப்ரீசர் கசியுது, யாராவது வந்து பாக்கட்டும்" என்று ஒரு வரி போதும். அடுத்து அந்தக் கதவைத் திறக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம், ஐஸ்கிரீம் எடுக்க ஓடிவரும் அவருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்.