அணுவின் கருவும் தமிழ் மாணாக்கரும்

பௌதிகம் பயிலும் எம் இளவல், நூம்பலில் எம் இல்லத்துத் திண்ணையில் ஒருநாள் அணுக்கருவைப்பற்றிக் கூறி, "இதனைத் தமிழிற் சொல்லுங்கள், அண்ணா" என்றான். யாமோ, குறளைப் புகழ்ந்து ஒளவையார் பெயரால் வழங்கும் வெண்பாவிலேயே அணு துளைக்கப்பட்டதன்றோ என்றோம். அவன் நகைத்தான். அவ்வெண்பா குறளின் செறிவைக் காட்ட வந்ததேயன்றிப் பௌதிக நூலன்று. அதனை அறிந்தும் வீண்பெருமை பேசுதல் தமிழ்த்தொண்டாகாது என்பது இப்போது எம் துணிபு.

அவன் கூறியது இது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் கருவினுள் தத்தம் இனத்தோடு இணையிணையாய் ஒழுகும். மிகு குளிரில் உலோகங்கள் சிலவற்றில் மின்சாரம் தடையின்றி ஓடுதற்கு எலெக்ட்ரான்கள் இணைவதே காரணமென்று பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் என்பார் 1957-இல் விளக்கினர். அடுத்த ஆண்டே ஓகே போர், மாட்டல்சன், பைன்ஸ் என்னும் மூவர் அக்கருத்தை அணுக்கருவுக்கும் பொருத்தினர். இத்தகைய கருக்களை மீப்பாய்மக் கருக்கள் எனலாம். அவை இரண்டு நெருங்கி உராயுங்கால், நியூட்ரான் இணை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். தனித்தனியே தாவுவதாகக் கொண்டு கணக்கிடுவதினும் மிகுதியாகத் தாவும்.

இதனைக் கணிப்பதில் ஓர் இடர் உண்டு. இணைகளுக்கென வகுத்த எளிய முறை, துகள்கள் இத்தனையென உறுதி கூறாது, சராசரியையே கூறும். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் எண்ணிறந்தன. ஆண்டு அது குறையன்று. இத்தாலி நாட்டு லெஞாரோ ஆய்வுக்கூடத்தில் மோதவிட்டு ஆராய்ந்த கருக்களிலோ, வெள்ளீயம் 116-இல் 66 நியூட்ரான்களே உள. நிக்கல் 60-இல் 32 மட்டுமே. தாவியவை எத்தனை என்பதே வினாவாகலின், ஒன்றிரண்டின் பிழையும் ஈண்டுப் பெரும்பிழையாம். ஆதலாற் கணிப்போர், தம் விடையினின்று உறுதியான எண்ணிக்கையுடைய பகுதியை வேறு பிரித்தெடுக்கின்றனர். தம் கருவியின் குறையைத் தாமே கூறித் திருத்தும் இந்நேர்மையன்றோ எம்மனோர் கற்கத்தக்கது!

சென்னையும் இவ்வறிவுக்குப் புறம்பன்று. மேற்கூறிய போரின் தந்தையார் நீல்ஸ் போர், 1960-இல் மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருஷ்ணன் இல்லத்துக்கு வந்து மாணவரோடு அளவளாவினார். 1962 ஜனவரி 3-ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் இந்நகரில் தோன்றிற்று. அத்தகைய இடங்களில் ஆராயப்படுவது நூம்பல் திண்ணைக்கு எட்டாதிருத்தல் யார் குறை? அறிவியலார் குறையென்று மட்டும் சொல்லி யாம் தப்ப இயலாது.

ஆகலின், தமிழ் மாணாக்கர் பௌதிக மாணாக்கரோடு ஒருங்கிருந்து, ஆண்டுக்கு ஒரு பொருளையேனும் தெளிந்த தமிழில் எழுதுக. மீப்பாய்மம் என்னுஞ் சொல் பொருந்துமாயின் கொள்க. பொருந்தாதாயின் வேறு காண்க. பிழை நேரின் அதனையும் ஒப்புக. இக்கட்டுரையை இளவலிடம் முதலிற் காட்டினோம், இரண்டிடம் திருத்தினான். அத்திருத்தங்களோடேயே இதனை வெளியிடுகின்றோம்.