சிரிப்பும் உழைப்பாளியின் சொத்துதான்

"படம் எப்படி?" என்று கேட்டால், திருப்பூர் பனியன் தொழிலாளி நீண்ட விமர்சனம் எதுவும் செய்வதில்லை. "நல்லாச் சிரிச்சமுங்க" என்பார். கொஞ்சம் தூண்டிக் கேட்டால், "குழந்தை குட்டியோட கூச்சப்படாமப் பார்க்கலாமுங்க" என்று மேலும் ஒரு வார்த்தை சொல்வார். அத்தோடு தீர்ப்பு முடிந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிடுவார்.

இந்தத் தீர்ப்பை மதிப்பவர்கள் குறைவு. மெத்தப் படித்த விமர்சகர்கள், "பாமர ரசனை, அவ்வளவுதான்" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். மக்களிடம் அக்கறை கொண்டோர் சிலரும், "வயிற்றுப் பிரச்னையை மறக்கடிக்கும் மயக்க மருந்து இது" என்று முகம் சுளிக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு உழைப்பாளியின் அறிவில் நம்பிக்கையில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு அவருடைய சிரிப்பில் நம்பிக்கையில்லை. இரண்டும் சரிதானா? கொஞ்சம் பரிசீலிப்போம்.

தாராபுரம் தந்த நாயகன்

வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரம்தான் நாகேஷ் என்ற கலைஞனைத் தமிழ்நாட்டுக்குத் தந்தது. 1933ல் பிறந்தவர். ஒல்லியான உடம்பு, அம்மைத் தழும்பு விழுந்த முகம். சென்னையில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகமாடியவர். கதாநாயகனுக்கென்று அன்றைய சினிமா எழுதிவைத்திருந்த இலட்சணங்களில் ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

1964ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். "கர்ண"னில் சிவாஜி கணேசன் கிரீடம் தரித்து வந்தார். "படகோட்டி"யில் எம்.ஜி.ஆர். மீனவர்களின் காவலனாக வந்தார். அதே ஆண்டு டிசம்பரில், ஹோட்டலில் எச்சில் தட்டு எடுக்கும் ஒரு தொழிலாளி, கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கிக்கொண்டு கதாநாயகனாக வந்தான். அதுதான் "சர்வர் சுந்தரம்". ஏஜி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிய கே. பாலசந்தரின் கதை, கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்த ஏவி.எம். படம்.

ராஜாவும் ஜமீன்தாரும் வீரனும்தான் கதாநாயகனாகலாம், வேலைக்காரன் நடுவில் வந்து சிரிப்புக் காட்டிவிட்டுப் போகலாம் என்ற வழக்கத்தை அந்தப் படம் புரட்டிப்போட்டது. ரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா? ஆறு பத்தாண்டு கழிந்தும் அந்தக் கோப்பைக் கோபுரம் மக்களின் நினைவிலிருந்து சரியவில்லை. தாத்தா தியேட்டரில் பார்த்ததை இன்று பேரன் செல்போனில் பார்த்துச் சிரிக்கிறான். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தப் படத்தின் முடிவைப் பற்றி ரசிகர்களிடம் இரண்டு கருத்து உண்டு. சுந்தரம் புகழ்பெற்ற நடிகனாகிறான். ஆனால் மனத்தில் நினைத்த பெண் நண்பனைத்தான் விரும்புகிறாள். தாயும் இறந்துபோகிறாள். பெயரும் பணமும் வெறுத்துப்போய்ப் பழையபடி சர்வர் வேலைக்கே திரும்புகிறான். "உழைத்துச் சாப்பிடுவதில்தான் நிம்மதி என்று காட்டிவிட்டார்கள்" என்று மெச்சுவோர் உண்டு. "ஏழை மேலே போனால் பொறுக்காது, பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள்" என்று குறைப்படுவோரும் உண்டு. எனக்கு இரண்டாவது கருத்தே சரியென்று படுகிறது. உழைப்பு உயர்ந்ததுதான். ஆனால் உழைப்பாளிக்கு ஆசையே கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு சிரிப்புப் படம் இத்தனை பெரிய விவாதத்தைச் சாதாரண மக்களிடையே கிளப்பியிருக்கிறதென்றால், அவர்கள் சிந்தனையை வீட்டில் வைத்துவிட்டுச் சிரிக்கப் போனார்கள் என்று எப்படிச் சொல்வது?

விழுபவன் யார்?

வழுக்கி விழுவதும், தட்டுத் தடுமாறுவதும், அடி வாங்குவதும்தானே இந்த வகை நகைச்சுவை. இதில் என்ன கருத்து இருக்கிறது என்று கேட்கலாம். யார் விழுகிறான், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதிலேயே கருத்து இருக்கிறது.

இந்தக் கலையின் மேதை சார்லி சாப்ளின். 1936ல் வந்த அவருடைய "மாடர்ன் டைம்ஸ்" படத்தைப் பார்த்த திருப்பூர்த் தொழிலாளிக்கு விளக்கவுரை தேவைப்படாது. நகரும் பட்டையில் வரும் ஆணிகளை முடுக்கி முடுக்கி, வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் சாப்ளினின் கைகள் முடுக்கிக்கொண்டே இருக்கின்றன. "தூக்கத்திலும் கால் பெடலை மிதிக்குதுங்க" என்று சொல்லாத ஓவர்லாக் டெய்லர் இந்த ஊரில் உண்டா? சாப்பாட்டு நேரத்தை மிச்சப்படுத்த, தொழிலாளியின் வாயில் தானே ஊட்டிவிடும் ஒரு யந்திரத்தைக் கம்பெனிக்குக் கொண்டுவருகிறார்கள். அது கோளாறாகி அவர் முகத்தைப் படாதபாடு படுத்துகிறது. தியேட்டரே குலுங்குகிறது. சிரிப்பு எவன்மேல் பாய்கிறது? பரிதாபத்துக்குரிய தொழிலாளியின்மேல் அல்ல. அவன் சோறு தின்னும் நேரத்தையும் லாபக் கணக்கில் எழுதப் பார்க்கிறானே, அந்த முதலாளியின்மேல் பாய்கிறது.

அதே படத்தில், லாரியிலிருந்து விழுந்த சிவப்புக் கொடியைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு சாப்ளின் ஓடுகிறார். பின்னால் தொழிலாளர் ஊர்வலம் ஒன்று வந்து சேர்ந்துகொள்கிறது. இவர்தான் தலைவர் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. எதிர்பாராமல் தலைவனாகிவிட்ட அப்பாவியைப் பார்த்து மக்கள் சிரிக்கிறார்கள். கொடியைக் கையில் எடுத்தாலே கைவிலங்கா என்ற கேள்வியும் அந்தச் சிரிப்போடு உள்ளே இறங்கிவிடுகிறது.

மற்றொரு வகைச் சிரிப்பும் உண்டு. அதையும் மறைக்காமல் பேசவேண்டும். உடுமலைப் பக்கத்து மண் தந்த மற்றொரு பெரிய சிரிப்பு நடிகர் கவுண்டமணி. அவரும் செந்திலும் சேர்ந்து வந்த 1989ம் ஆண்டின் "கரகாட்டக்காரன்" வாழைப்பழக் காட்சிக்குச் சிரிக்காதவர் இல்லை. பெரிய மனிதர்களின் பகட்டைப் பட்டென்று உடைக்கும் அவருடைய நாக்குக்கு உழைப்பாளி மக்களிடம் தனி மவுசு உண்டு, அது நியாயமானதே. ஆனால் அந்த ஜோடியின் பல படங்களில் உதைப்பவனும் இல்லாதவன், உதை வாங்குபவனும் இல்லாதவன். கறுப்பு நிறமும் குண்டு உடம்பும் வழுக்கைத் தலையும் கேலிப் பொருளாகின்றன. வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசரிடம் நாள் முழுவதும் வசவு வாங்கும் ஒருவர், திரையிலும் தன்னைப் போன்ற ஒருவன் உதைபடுவதைப் பார்த்து எதற்காகச் சிரிக்கவேண்டும்? "சிரிப்பு வந்துச்சுங்க, ஆனா ஒருமாதிரி இருந்துச்சு" என்று பெண் தொழிலாளர்கள் சொல்லும்போது இந்த உறுத்தலைத்தான் சொல்கிறார்கள்.

சிரிப்பை மேல் நோக்கித் திருப்பவும் நமது கலைஞர்களுக்குத் தெரியும். தெருக்கூத்தின் கட்டியங்காரன் ராஜாவை ராஜாவின் முன்னாலேயே கிண்டல் செய்தவன். 2006ல் சிம்புதேவன் இயக்கிய "இம்சை அரசன் 23ம் புலிகேசி" அந்த வழியில் வந்த படம். அதுவரை துணைக்கு வந்து சிரிப்புக் காட்டிய வடிவேலு அதில் கதாநாயகனானார். அந்நிய பானக் கம்பெனிக்கு நாட்டைத் திறந்துவிடும் ராஜா, ஜாதிச் சண்டைக்கென்றே மைதானம் கட்டித்தரும் ராஜா என்று, குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கையில் பெரியவர்களுக்கு வேறு பல முகங்கள் நினைவுக்கு வந்தன. முகம் சுளிக்க வைக்கும் ஆபாசக் கூத்தில்லாமல் ஊரே பார்த்த படம் அது.

மொழி தேவையில்லாத சிரிப்பு

இன்றைய திருப்பூருக்கு இந்த வகைப் படத்தால் இன்னொரு பயனும் உண்டு. பனியன் கம்பெனிகளில் இன்று மதுரை, தேனி மாவட்டத்தார் மட்டுமா வேலை செய்கிறார்கள்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்களைப் பரப்பியபோது, இந்த ஊரிலும் பீதி பரவியது. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத இடத்தில் வதந்தி வேகமாக ஓடும். அதே இடத்தில் சாப்ளின் வழுக்கி விழுந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். சேர்ந்து சிரித்தவர்களைப் பிரிப்பது கொஞ்சம் கடினம். தொழிற்சங்க மேடைகளிலும் குடியிருப்புகளிலும் இத்தகைய படங்களைத் திரையிட்டால் என்ன?

குடும்பத்தோடு பார்ப்பது எப்போது?

சிரிப்பு போராட்டத்தை மறக்கடிக்கும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. நாகேஷைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த தலைமுறைதான் 1984ல் பஞ்சப்படிக்காக இந்த ஊரில் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. சிரிக்கத் தெரிந்தவர்களுக்குப் போராடவும் தெரியும் என்பதற்கு அது சான்று.

உண்மையான ஆபத்து சிரிப்பில் இல்லை. சிரிக்க நேரமில்லாததில்தான் இருக்கிறது. "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்கிறார்களே, அந்தக் குடும்பம் ஒன்றாக உட்காருவது எப்போது? காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவதைத் திருப்பூர் வழக்கில் "ஒன்றரை ஷிப்ட்" என்கிறார்கள். எட்டு மணி நேரத்தோடு எழுந்தால் கூலி போதாது. ஏற்றுமதி அவசரம் என்றால் விடிய விடிய வேலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, ரேஷனும் மளிகையும் வாங்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. பெண்களுக்கோ ஞாயிறும் ஒரு ஷிப்ட்தான், கூலிதான் கிடையாது. விடுதிகளில் அடைபட்டிருக்கும் இளம் பெண்களில் பலருக்கு வெளியே போகவே அனுமதி வேண்டும். நான்கு பேர் தியேட்டருக்குப் போய்வந்தால் ஒரு ஷிப்ட் கூலி கரைந்துவிடுகிறது. ஆர்டர் இருந்தால் தூக்கமில்லை; 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது நடந்ததுபோல் ஆர்டர் நின்றால் கூலியில்லை.

இந்த நிலையைச் சட்டமாக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. ஏட்டில் வாபஸ் ஆனது, கம்பெனிக் கேட்டுக்குள் வாபஸ் ஆகிவிட்டதா?

ஆகவே "நல்லாச் சிரிச்சமுங்க" என்ற வார்த்தையை அலட்சியம் செய்யாதீர்கள். தன்னைப் போன்ற ஒருவன் கதாநாயகனாக வேண்டும் என்ற விருப்பம் அதில் இருக்கிறது. மனைவி மக்களுக்கு முன் தலைகுனிய வைக்காத மரியாதை வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. படமெடுப்போர் முதலில் இந்த இரண்டையும் காதில் வாங்கட்டும். மூன்றாவது கோரிக்கை சினிமாக்காரர்களால் தீர்க்கக்கூடியதல்ல. எட்டு மணி நேர வேலையில் வயிறு நிறையும் கூலி, முழுதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவற்றைத் தொழிலாளர்கள் ஒன்றுபட்டு நின்று பெறவேண்டும். பிறகு பாருங்கள், திருப்பூர் எப்படிச் சிரிக்கிறது என்று!